குறடும் திருகாணியும்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். ஓய்வூதியர்களின் மருத்துவக் காப்பீட்டில் பல் பராமரிப்பையும் சேர்க்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்ளும் நாலு வரித் தீர்மானம். படித்து முடிப்பதற்குள் பின்வரிசையில் சிரிப்பு. "சார், எழுபதுக்கு மேல எதைப் பராமரிக்கச் சொல்றீங்க? வாயில இருந்தாத்தானே!" என்றார் ஒருவர். மேசையைத் தட்டினார்கள். தலைவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். (பொத்தியதற்குக் காரணம் அவருடைய பல்செட்.) "அடுத்த கூட்டத்துக்கு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு டி.ஏ. அரியருக்குப் போய்விட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிரித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த 60 பேரில் பெரும்பாலோர், பல் போவது நரையைப் போல, வழுக்கையைப் போல வயதோடு வந்துசேரும் ஒன்று என்று நிஜமாகவே நம்புகிறார்கள். அது அப்படி இல்லை என்று ஆராய்ந்து காட்டி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேதி நம் ஊருக்கு வந்துசேரவில்லை. வந்துசேராததில் லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஐந்து நிமிஷம்தான் தருவார்கள். இங்கே யாரும் மணி அடிக்க முடியாது. ஆகவே விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

நான் 32 வருஷம் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவன். பல்லுக்கு ஒரு வருஷம் வீதம் சர்வீஸ் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்கொண்டதில்லை. இந்த விஷயத்திலும் வவுச்சர் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

முதலில் என் அண்ணன் கதை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். 2002இல் அவருக்கு 61 வயது. கீழே நாலு பல் ஆட்டம் கண்டிருந்தது, ஈறில் ரத்தம். ஓர் இலவச முகாமுக்குப் போனார். "பெரியவரே, இன்னிக்கு நாலு, நாளைக்கு எட்டு. மொத்தமா எடுத்துட்டு செட் போட்டுக்கிட்டா தொல்லை விட்டுது" என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் தொல்லை விட்டால் சரி என்று சம்மதித்துவிட்டார். மூன்று தவணையில் எல்லாம் எடுத்தாயிற்று. நல்ல பல்லும் சேர்த்துத்தான். அந்த முகாமின் அறிக்கையைப் பிறகு பார்த்தேன். எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பல் எடுத்தோம் என்று இரண்டு கட்டம் இருந்தது. எத்தனை பல்லைக் காப்பாற்றினோம் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் அச்சடிக்கவே இல்லை. தணிக்கைக்காரனுக்குத் தெரியும், படிவத்தில் கட்டம் இல்லாத வேலையை எந்த ஆபீசும் செய்யாது.

மேல்செட் பரவாயில்லை, ஒட்டிக்கொண்டது. கீழ்செட் நிற்கவே இல்லை. நாக்கு அசைந்தால் படகு மாதிரி மிதக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கைமுறுக்கும் வறுகடலையும் என்றால் உயிர் அவருக்கு, இரண்டும் போயிற்று. பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துத் துப்ப, அவர் கடைத்தெருவுக்குப் போய் ஜூஸாகப் பிழிந்து வாங்கிக் குடித்துவிட்டு வருவார். பிறகு பந்திக்குப் போவதையே விட்டார். ரசஞ்சாதம், மோர்சாதம், பாலில் ஊறவைத்த ரொட்டி. 17 வருஷம் இப்படி ஓடியது. 2019இல் போய்ச் சேர்ந்தார். அவருடைய பல்செட் டப்பாவை அண்ணி இன்னும் அலமாரியில்தான் வைத்திருக்கிறார்.

"செட் சரியா செஞ்சிருக்க மாட்டாங்க" என்று நாங்கள் எல்லோரும் அப்போது சொன்னோம். தப்பு செய்தவர் செட் செய்தவர் இல்லை என்று இப்போது தெரிகிறது. பல்லை எடுத்ததும் அதைத் தாங்கிய தாடை எலும்பு கரைய ஆரம்பிக்கிறது, நிற்பதே இல்லை. பல்செட் போட்டவர்களை 25 வருஷம் விடாமல் அளந்து, 1972இல் டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார்: கீழ்த்தாடையின் முன்பக்கம் மேல்தாடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு தேய்கிறது. மேட்டில் கட்டிய வரப்பு கரைந்து தரையோடு தரையானால் மடை எங்கே நிற்கும்? எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் கீழ்செட் மிதக்கத்தான் செய்யும். அண்ணனிடம் இதை யாரும் பல்லை எடுப்பதற்கு முன்னால் சொல்லவில்லை. அதுதான் என் முதல் வழக்கு.

இரண்டாவது வழக்கு என்னுடையது. எனக்கு 32இல் 22 பாக்கி. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இரண்டிரண்டு போய்விட்டது. மேலே இடது பக்கம் இரண்டு. ஞானப்பல் நாலும் எந்தக் காலத்திலோ போனவை. சென்ற வருஷம் ஒரு பெரிய பல் மருத்துவமனைக்குச் சும்மா சுத்தம் செய்துகொள்ளப் போனேன். ஏ.சி. அறை, கூழாங்கல் போட்ட மீன் தொட்டி. எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் என் தாடையில் ஆறு திருகாணி நட்டுக் காட்டினார்கள். இம்ப்ளான்ட்டாம். மொத்தம் 3,40,000 ரூபாய். "இப்ப செய்யலைன்னா இருக்கிற பல்லும் சாஞ்சு விழுந்துடும் சார்" என்று பயம் காட்டிவிட்டு, ஒரு பெண் வந்து 24 மாத இ.எம்.ஐ. பற்றி விளக்கினாள். 74 வயதில் 24 மாதத் தவணை! அவர்களுக்கு என் ஆயுசு மேல் இருந்த நம்பிக்கைக்காகவாவது நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் அக்கா மகளுக்கு போன் போட்டேன். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். செயற்கைப் பல் கட்டுவதுதான் அவள் துறையே.

"மாமா, உங்களுக்கு மெல்றதுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லையேம்மா. வறுகடலைகூட மென்னுடறேன்."

"பாக்க அசிங்கமா இருக்கா?"

"கடைவாயை யாரு எட்டிப் பாக்கறா?"

"அப்புறம் எதுக்கு மாமா மூணு லட்சத்து நாப்பதாயிரம்?"

இந்தக் கேள்வியை அந்த ஏ.சி. அறையில் யாரும் கேட்கவில்லை. அவள் அதோடு விடாமல் சில ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அகராதி பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். புரியாத இடத்தில் அவளைத் தொந்தரவு செய்தேன். அதில் கண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் நைமேகன் என்று ஓர் ஊர். அங்கே ஆர்ன்ட் கைசர் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் மிக எளிமையான ஒரு கேள்வி கேட்டார்: மனுஷனுக்கு உண்மையில் எத்தனை பல் வேண்டும்? அதுவரைக்கும் பல் வைத்தியத்தில் எழுதாத சட்டம், போனது அத்தனையையும் திரும்ப வைக்க வேண்டும் என்பது. கைசர் பல வகையில் கடைவாய்ப் பல் இழந்த 118 பேரைப் பரிசோதித்து 1981இல் முடிவை வெளியிட்டார். முன்பற்கள் எல்லாம் இருந்து, அவற்றுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் சந்திக்கும் ஜோடியாக நாலு இருந்தால், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், பெரும்பாலோருக்கு மெல்லவும் பேசவும் அது போதும். வாய் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அதற்கும் கீழே போனால்தான் தகராறு. பிறகு அவர்கள் குழு வருஷக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர்ந்தும் பார்த்தது. 'சாய்ந்து விழும்' என்று எனக்குச் சொன்ன பயங்கரம் நடக்கவில்லை. சிறு நகர்தல் இருக்கிறது, அது ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடுகிறது.

ஒருவர் சொன்னதை வைத்து முடிவு கட்டுவது தணிக்கைக்கு அழகில்லை. ஜெர்மனியில் 14 பல்கலைக்கழக மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்தார்கள். ஒரு தாடையில் பெரிய கடைவாய்ப் பல் அத்தனையும் போன 215 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கழற்றி மாட்டும் பல் கட்டினார்கள். மறு பாதிக்குப் பின்பக்கத்தை அப்படியே காலியாக விட்டார்கள். ஐந்து வருஷம் கழித்தும், பத்து வருஷம் கழித்தும் எண்ணினார்கள். மிச்சப் பல்லை இழந்ததில் இரண்டு கோஷ்டிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆக, என் 22 பல் எனக்குப் போதும். இது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற பல் ஆடிக்கொண்டிருந்தால், ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிப்பவராக இருந்தால், கணக்கு வேறு. என் புகார் வேறு. 'இப்படியே விட்டுவிடலாம்' என்பதும் ஆராய்ந்து தேறிய ஒரு வைத்தியம். அதை விலைப்பட்டியலில் போடவே மாட்டேன் என்கிறார்கள். பூஜ்யம் ரூபாய்க்கு யார் பில் போடுவார்கள்?

இந்த 20 என்ற எண்ணிக்கையை உலக சுகாதார நிறுவனமும் 1992இல் எடுத்துக்கொண்டது: ஆயுசு முழுவதும் 20 சொந்தப் பல்லுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது இலக்கு. ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே, 1989இல், '8020' என்று இயக்கம் தொடங்கிவிட்டார்கள். 80 வயதில் 20 பல். அப்போது அங்கே 80 வயதுக்காரர்களில் பத்துக்கு ஒருவருக்குக்கூட அத்தனை பல் இல்லை. 2016 கணக்கெடுப்பில் 51.2 சதவீதம். சரிபாதிக்கு மேல்! வயதானால் பல் விழத்தான் செய்யும் என்று மேசையைத் தட்டிய நண்பர்கள் இந்த ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஜப்பானியர் வேறு ஜாதிப் பிராணிகள் இல்லை. அவர்கள் தாத்தாக்களும் நம் தாத்தாக்களைப் போலப் பொக்கை வாயோடுதான் இருந்தார்கள். வித்தியாசம், அங்கே பல் வைத்தியம் தேசியக் காப்பீட்டுக்குள் இருக்கிறது.

நான் தனியாக எடுத்து வைத்திருக்கும் பாலிசிப் புத்தகத்தில் பல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது தெரியுமா? 'கிடையாது' பட்டியலில். விபத்தில் உடைந்தால் மட்டும் உண்டாம். அதே பட்டியலில் பக்கத்திலேயே அழகு சிகிச்சை. மூக்கை நிமிர்த்துவதும் சோற்றை மெல்லுவதும் அவர்களுக்கு ஒரே பக்கம்.

எப்படிக் காப்பாற்றுவது? இதற்கு வவுச்சர் ஸ்வீடனில் இருக்கிறது. கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் பெர் ஆக்செல்சன், யான் லிண்டே என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் 555 பேரைச் சேர்த்தார்கள். 180 பேர் வழக்கம்போல வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போய்ச் சொத்தை இருந்தால் அடைத்துக்கொண்டு வரவேண்டும். 375 பேருக்கு வேறு ஏற்பாடு. பல்லில் அழுக்கு எங்கே தங்குகிறது என்று சாயம் பூசிக் காட்டினார்கள். எப்படித் துலக்குவது, பல்லிடுக்கை எப்படிச் சுத்தம் செய்வது என்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஃப்ளோரைடு பேஸ்ட். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லிப் பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. வழக்கமான கோஷ்டிக்கு ஈறும் பல்லும் கெட்டுக்கொண்டே போக, மற்றவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் 180 பேரை அப்படி வைத்திருப்பது நியாயமில்லை என்று அந்தக் கோஷ்டியையே கலைத்துவிட்டார்கள்.

மற்றவர்களை 30 வருஷம் தொடர்ந்தார்கள். கடைசியில் 257 பேர் மிஞ்சினார்கள். 30 வருஷத்தில் சராசரியாக ஒருவர் இழந்த பல் எத்தனை? இளைய பிரிவில் 0.4. நடுப் பிரிவில் 0.7. தொடங்கும்போதே 50ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு 1.8. அதாவது நம் வயசுக்காரர்கள் 30 வருஷத்தில் இரண்டு பல்கூட இழக்கவில்லை. இழந்ததிலும் பெரும்பகுதி வேர் பிளந்து போனவை. என் அண்ணன் மூன்று தவணையில் இழந்தது நினைவுக்கு வந்து, அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இதைப் படித்துவிட்டு, மாதாமாதம் போய் மெஷின் வைத்துச் சுத்தம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா மகள் இன்னொரு கட்டுரையை அனுப்பி வாயடைத்தாள். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் 1,877 பேரிடம் நடந்தது. ஈறு நோய் முற்றாத சாதாரண ஆட்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காறை எடுத்தவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தவர்கள், எடுக்கவே எடுக்காதவர்கள், மூன்று கோஷ்டிக்கும் மூன்று வருஷத்தில் ஈறு நிலைமையில் வித்தியாசம் இல்லை. கார்ல்ஸ்டாட்டில் வேலை செய்தது மெஷின் மட்டும் இல்லை என்று அர்த்தம். தினமும் காலையும் இரவும் அவரவர் கை செய்தது பாதிக்கு மேல். ஈறு இறங்கி, பல் ஆடத் தொடங்கியவர்களுக்குத்தான் ஆழமான சுத்தம் அவசியம். அவர்களுக்கு அதைத் தள்ளிப் போடவே கூடாது.

நம்மிடமும் குற்றம் இருக்கிறது. ஆலும் வேலும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த ஊர் இது. ஆனால் நாம் செய்தது என்ன? செங்கல் தூள், அடுப்புக்கரி, சாம்பல், அப்புறம் விரலில் தொட்டுத் தேய்க்கும் பல்பொடி. விரல் பல்லிடுக்கில் போகுமா? இரவில் துலக்குவது என்பது நம் தலைமுறைக்குப் பட்டணத்து நாகரிகம். வெற்றிலைச் செல்லம் வேறு. ஃப்ளோரைடு என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறைப் பல்லை நினைத்துப் பயப்படுவோர் உண்டு. அது வருஷக்கணக்காகக் குடித்த நிலத்தடி நீரால் வந்தது. பேஸ்டைக் குடிக்கவா போகிறோம்? துலக்கித் துப்புகிறோம்.

பல் ஆடும் வரை டாக்டரிடம் போவதும் இல்லை. பல் மருத்துவர்கள் இதைச் சொல்லித்தான் தற்காத்துக்கொள்கிறார்கள். "வலி வந்தாத்தான் வர்றீங்க, வந்தா புடுங்குங்கன்னு நீங்களே சொல்றீங்க." உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். காறை எடுக்க 1,000 ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறோம். கற்றுக்கொடுப்பதற்கு அரை மணி நேரம் செலவழிக்கும் டாக்டருக்கு ஒரு பைசா கொடுக்க நம்மில் ஒருவர் தயாரில்லை. ஆனால் வீட்டு வாடகையும் மெஷின் கடனும் கட்டவேண்டிய டாக்டர் எதில் சம்பாதிப்பார்? காசில்லாதவன் வந்தால் குறடு, காசுள்ளவன் வந்தால் திருகாணி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைக்குத்தான் இத்தனை வருஷத்து ஆராய்ச்சியும் சாட்சி சொல்கிறது. அந்த வேலைக்கு நம் ஊரில் சம்பளம் இல்லை.

திருகாணியைப் பழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதன் கதையே அழகானது. பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற ஸ்வீடன்காரர் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியம் குழலை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார். பிறவியிலேயே தாடை ஊனமுற்ற அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அதை வைத்துத்தான் சாப்பிட்டார். 40 வருஷம்! தேவைப்பட்டவனுக்கு அது வரம்.

தேவைப்பட்டவன் யார் என்பதுதான் கேள்வி. 2002இல் கனடாவின் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடி ஆதாரங்களையெல்லாம் பார்த்து ஓர் அறிக்கை விட்டார்கள். முழுப் பல்லும் போனவருக்குக் கீழ்த்தாடையில் சும்மா பல்செட் வைப்பது இனி முதல் சிகிச்சை ஆகாது. இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதில் செட்டைக் கவ்வ விட வேண்டும், அதுதான் முதல் தேர்வு. இரண்டே இரண்டு. 2009இல் இங்கிலாந்தில் யார்க் நகரிலும் அதையே வழிமொழிந்தார்கள். என் அண்ணன் வாயிலிருந்து பல்லை எடுத்ததும் அதே 2002தான். மிதக்கும் செட்டோடு 17 வருஷம் ரசஞ்சாதம் சாப்பிட்டவருக்கு இரண்டு திருகாணி தரவில்லை. வறுகடலை மெல்லும் எனக்கு ஆறு திருகாணியை மல்லுக்கட்டித் தரப் பார்க்கிறார்கள். இதற்கு மேல் என் புகாருக்கு உதாரணம் வேண்டுமா?

"பல்லுதானே, உயிரா போகுது?" என்று கேட்டவருக்கும் பதில் இருக்கிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் ஒரு சோதனை நடந்து 2002இல் வெளியானது. ஒரு பாதி முதியவர்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் துலக்கி விட்டார்கள். மறு பாதிக்கு வழக்கம்போல. நிமோனியா வந்தது வழக்கம்போல் விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு. துலக்கி விட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு. வாயில் சேரும் கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு உடம்பு துடைத்து விடுகிறோம், முதுகில் பவுடர் போடுகிறோம். வாயைத் திறந்து துடைத்து விடுகிற வீடு எத்தனை? என் அம்மாவுக்கு நானே செய்யவில்லை. தெரியாது.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. ஈறு நோயைச் சரியாக வைத்தியம் பார்த்தால், மூன்று நாலு மாதத்தில் அந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண் இருக்கிறதே, ஹெச்பிஏ1சி, அது ஏறக்குறைய 0.4 குறைகிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இந்த அளவு இறங்குவதற்காக டாக்டர்கள் இன்னொரு மாத்திரை எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். ஈறுக்குக் காப்பீட்டில் இடமில்லை.

அதுமட்டுமில்லை. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல, சில பி.பி. மாத்திரை, அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, எச்சிலை வற்ற வைக்கின்றன. எச்சில் வற்றினால் ஈறு இறங்கிய இடத்தில் வேர்ச் சொத்தை மளமளவென்று வரும். அதற்கும் ஒரு மலிவான மருந்து உண்டு: வெள்ளியும் ஃப்ளோரைடும் சேர்ந்த ஒரு நீர். ஊசி வேண்டாம், குடைய வேண்டாம், தொட்டு வைத்தால் போதும். ஜப்பானில் 1970 வாக்கிலேயே வந்தது. முதியவர்களின் வேர்ச் சொத்தைக்கு அது பலன் தருவதை ஹாங்காங்கில் சோதித்துக் காட்டினார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஒரே குறை, சொத்தை விழுந்த இடம் கருத்துப் போகும். 75 வயதில் கடைவாயில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தால் எந்தப் பெண் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்? உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது ஒருவர், "அதெல்லாம் எதுக்கு சார், எடுத்துடலாம்" என்றார்.

ஆகவே என் தீர்மானத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். முன்பு நாலு வரி, இப்போது ஒரு பக்கம். வருஷத்துக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை, ஈறு வைத்தியம், துலக்கக் கற்றுக்கொடுத்தல், இவற்றுக்குக் காப்பீட்டில் பணம் தர வேண்டும். ஒரு பல்லை எடுப்பதற்கு முன் அதைக் காப்பாற்ற என்ன வழி, எவ்வளவு செலவு, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று தமிழில் எழுதிக் கையில் தர வேண்டும். அரசு நடத்தும் முகாம்களின் படிவத்தில் 'காப்பாற்றிய பல்' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். முழுப் பல்லும் போனவருக்குக் கீழே அந்த இரண்டு இம்ப்ளான்ட் கிடைக்க வழி செய்ய வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு வரும் நர்ஸ், வாய் சுத்தம் செய்யும் முறையை வீட்டாருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். இம்ப்ளான்ட் ஒன்றைத் தவிர வேறெதற்கும் பெரிய செலவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

கூட்டம் வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு. நகல் 60 எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன், கண்ணாடி மறந்து வருபவர்களும் படிக்கலாம். முன்மொழிபவர் இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. வழிமொழிபவர் என்று எழுதிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. நம் உறுப்பினர் யாராவது இதைப் படித்தால் சனிக்கிழமைக்குள் ஒரு போன் போடுங்கள்.